பாதி போனால் மீதி எவ்வளவு? – வாசகர் கேள்வி பதில்

கதிரியக்க அயோடின் சிகிச்சை பற்றிப் போன இதழில் எழுதியதற்கு நிறையக் கடிதங்கள். பெரும்பாலானவை ஏதோ ஒரு வழியில் அரை ஆயுட்காலத்தையே, அதாவது ஒரு கதிரியக்கப் பொருள் சிதைந்து பாதியாவதற்கு ஆகும் காலத்தையே, சுற்றி வருகின்றன. அதனால் இந்த முறை முழுப் பகுதியும் அதற்குத்தான். நான் மருத்துவமனையில் அணு மருத்துவப் பிரிவில் இயற்பியலாளராக வேலை பார்த்தவள். என் உதாரணங்கள் அங்கிருந்துதான் அதிகம் வரும். போனில் இருக்கும் கால்குலேட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். போனைப் பக்கவாட்டில் திருப்பினால் அடுக்கு, மடக்கை எல்லாம் அதிலேயே வந்துவிடும்.

*

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 54. தைராய்டு அதிகமாகச் சுரப்பதற்காக 10 மில்லிகியூரி கதிரியக்க அயோடின் கொடுத்து, அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள். அரை ஆயுட்காலம் 8 நாள் என்றார்கள். அப்படியானால் 16 நாளில் முழுவதும் போயிருக்க வேண்டும் அல்லவா? ஆனால் உறவினர் ஒருவர், "அது போகவே போகாது, கடைசி வரை கொஞ்சம் மிச்சம் இருக்கும்" என்கிறார். இரண்டு மாதம் ஆகிவிட்டது. என் எட்டு மாதக் குழந்தையை அம்மா கையில் கொடுக்க இன்னும் பயமாக இருக்கிறது. தட்டு, டம்ளர் கூடத் தனியாக வைத்திருக்கிறோம். அம்மா ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் முகம் வாடிப்போய் இருக்கிறது.
– வாசகி, திருநெல்வேலி

பதில்: முதலில் பதில், கணக்கு அப்புறம். குழந்தையை இன்றைக்கே பாட்டி மடியில் கொடுங்கள் அம்மா. தட்டையும் டம்ளரையும் மற்ற பாத்திரங்களோடு சேர்த்துவிடுங்கள். சிகிச்சை முடிந்து அனுப்பும்போது மருத்துவமனையில் ஒரு தாள் கொடுத்திருப்பார்கள். குழந்தைகளிடமிருந்து எந்தத் தேதி வரை தள்ளி இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். எடுத்துப் பாருங்கள், அந்தத் தேதி எப்போதோ தாண்டியிருக்கும்.

இப்போது கணக்கு. மில்லிகியூரி என்பது கதிரியக்கத்தை அளக்கும் அலகு. 16 நாளில் முழுவதும் போகாது. முதல் 8 நாளில் 10 மில்லிகியூரி 5 ஆகிறது. அடுத்த 8 நாளில் அந்த 5-இல் பாதிதான் போகிறது, 2.5 மிச்சம். 24-ஆம் நாள் 1.25. ஒவ்வொரு முறையும் அப்போது கையில் இருப்பதில் பாதி போகிறது, தொடக்கத்தில் இருந்ததில் பாதி அல்ல. இதை ஒரே வரியில் எழுதலாம்:

மீதி = தொடக்கம் ÷ 2^(கடந்த காலம் ÷ அரை ஆயுட்காலம்)

'^' என்பது அடுக்கைக் குறிக்கிறது. நாள் எண்ணிக்கை எட்டின் மடங்காக இருக்க வேண்டியதில்லை, அதுதான் இந்தச் சூத்திரத்தின் வசதி. உங்கள் அம்மாவுக்கு 60 நாள் ஆகிவிட்டது. இந்தச் சிகிச்சையில் கொடுக்கும் அயோடின்-131-இன் அரை ஆயுட்காலம் துல்லியமாக 8.02 நாள். 60-ஐ 8.02-ஆல் வகுத்தால் 7.48. 2-இன் 7.48-ஆவது அடுக்கு ஏறத்தாழ 179. எனவே 10 மில்லிகியூரியில் மிச்சம் 0.056.

இது கூட மிகைப்படுத்திய கணக்குதான். உடம்பில் இருந்து ஒரு துளி அயோடினும் வெளியே போகவில்லை என்று வைத்துப் போட்டது. உண்மையில் தைராய்டு பிடித்துக்கொள்ளாத பகுதி முதல் இரண்டு நாளிலேயே பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். தைராய்டு பிடித்துக்கொண்டதும் ஹார்மோனாக மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். அப்படி வெளியேறிப் பாதியாவதற்கு ஆகும் காலத்தை உயிரியல் அரை ஆயுட்காலம் என்போம். இது ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் அம்மாவைப் போன்றவர்களுக்கு ஏறத்தாழ 15 நாள் என்று வைத்துக்கொள்வோம். அயோடின் இரண்டு வாசல் வழியாகவும் ஒரே நேரத்தில் குறைகிறது. ஆகவே 1/8 + 1/15 என்று கூட்டி, வந்ததைத் தலைகீழாக்க வேண்டும். விடை 5.2 நாள். உண்மையில் உடம்பில் நடப்பது இந்த வேகத்தில்தான். இதை வைத்துப் பார்த்தால் 60 நாளில் 11 அரை ஆயுட்காலத்துக்கு மேல் கடந்துவிட்டது. மிச்சம் இருப்பது 0.004 மில்லிகியூரிக்கும் கீழே.

உங்கள் உறவினர் சொன்னதையும் பார்த்துவிடுவோம். வரைபடத்தில் கோடு பூஜ்யத்தைத் தொடுவதே இல்லை என்பது சரி. ஆனால் அணுக்களை அப்படிப் பாதி பாதியாக நறுக்கிக்கொண்டே போக முடியாது. 10 மில்லிகியூரி என்றால் நொடிக்கு 37 கோடி அணுக்கள் சிதைகின்றன என்று பொருள். அதற்கு எத்தனை அயோடின் அணுக்கள் தேவை என்று படிப்படியாகக் கணக்குப் போடுவோம். ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு அணு சிதைகிறது. ஆக 37 கோடியைப் பத்து லட்சத்தால் பெருக்க வேண்டும்: 370 லட்சம் கோடி அணுக்கள். எடை ஒரு மைக்ரோகிராமில் பத்தில் ஒரு பங்கு கூடக் கிடையாது. இந்த எண்ணை 48 முறை பாதியாக்கினால் ஒற்றை அணுவுக்கு வந்துவிடுவோம். உடம்பிலிருந்து எதுவுமே வெளியேறாமல் இருந்தாலும் 48 முறை என்பது சுமார் 13 மாதம். அதற்குப் பிறகு ஒரு அணுகூட மிஞ்சாமல் போவதுதான் நடக்கும். போகவே போகாது என்பது தவறு.

பயப்பட வேண்டிய காலம் ஒன்று இருந்தது, அது முதல் சில வாரங்கள். அப்போது தள்ளி வைத்தது சரிதான். இப்போது அம்மாவைத் தள்ளி வைக்க இயற்பியலில் ஒரு காரணமும் இல்லை.

*

கேள்வி: மேடம், நான் பன்னிரண்டாம் வகுப்பு. அரை ஆயுட்காலம் = 0.693 ÷ லாம்டா என்று மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் 0.693 எங்கிருந்து வந்தது, 'ஈ' என்ற எண் எதற்கு நடுவில் வருகிறது என்று புரியவில்லை. பாதியாவதற்கு 2 போதுமே? சராசரி ஆயுட்காலம் என்று இன்னொன்று வேறு இருக்கிறது. அரை ஆயுட்காலம் இருக்கும்போது அது எதற்கு?
– மாணவர், கரூர்

பதில்: 2 போதும் தம்பி. மேலே திருநெல்வேலி அம்மாவுக்கு 2-ஐ மட்டும் வைத்துத்தான் போட்டேன். எவ்வளவு மிச்சம் என்று மட்டும் தெரிய வேண்டுமானால் நான் எப்போதும் அதையே பயன்படுத்துவேன். 'ஈ' தேவைப்படுவது, இந்த நொடியில் எவ்வளவு வேகமாகச் சிதைகிறது என்று கேட்கும்போது.

இப்படி யோசித்துப் பார். ஒரு பொருள் ஒரு நாளைக்கு 10 சதவீதம் என்ற வேகத்தில் சிதைகிறது. நாள் முடிவில் ஒரே ஒரு முறை கழித்தால் மிச்சம் 0.9. ஆனால் அணுக்கள் நாள் முடியட்டும் என்று காத்திருப்பதில்லை. மணிக்கு ஒரு முறை, அந்தந்த நேரத்தில் மிச்சமிருப்பதில் 24-இல் ஒரு பங்கு வேகத்தில் கழித்துப் பார்: (1 − 0.1/24) என்பதன் 24-ஆவது அடுக்கு, 0.9046. நிமிடத்துக்கு ஒரு முறை, நொடிக்கு ஒரு முறை என்று நெருக்கிக்கொண்டே போனால் 0.9048-இல் வந்து நின்றுவிடும். அதற்கு மேல் எவ்வளவு நெருக்கினாலும் நகராது. அந்த 0.9048 என்பதுதான் ஈ-இன் (−0.1)-ஆவது அடுக்கு. ஈ என்பது 2.718. இடைவெளியே இல்லாமல், இருப்பதற்கு ஏற்ற விகிதத்தில் ஒன்று குறைந்துகொண்டே போனால் இந்த எண் தானாக வரும். யாரும் அதைக் கொண்டுவந்து சூத்திரத்தில் திணிக்கவில்லை.

இப்போது 0.693. லாம்டா என்பது இந்தச் சிதைவு வேகம்தான், மேலே பார்த்த உதாரணத்தில் நாளுக்கு 0.1. மீதி பாதியாகும் நேரத்தில், ஈ-இன் (−லாம்டா × காலம்) அடுக்கு ½ ஆக இருக்க வேண்டும். இரு பக்கமும் இயல் மடக்கை எடு. லாம்டா × காலம் = 2-இன் இயல் மடக்கை. கால்குலேட்டரில் 2 போட்டு இயல் மடக்கைப் பொத்தானை (ln) அழுத்து, 0.693 என்று காட்டும். அவ்வளவுதான். இனி அதை மனப்பாடம் செய்ய வேண்டாம்.

இது தெரிந்தால் பாதி, கால் என்று அழகாக வராத கணக்கையும் போட்டுவிடலாம். 10 நாளில் 30 சதவீதமாகக் குறைந்தது, அரை ஆயுட்காலம் என்ன? 1-ஐ 0.3-ஆல் வகுத்து இயல் மடக்கை எடு, 1.204. பத்து நாளால் வகுத்தால் லாம்டா 0.1204. 0.693-ஐ அதனால் வகுத்தால் 5.76 நாள். விடை சரிதானா என்று பார்க்க ஒரு குறுக்குவழி: 30 சதவீதம் என்பது பாதிக்குக் கீழே, காலுக்கு மேலே. ஆக 10 நாள் என்பது ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் உள்ள அரை ஆயுட்காலம். விடை 5-க்கும் 10-க்கும் நடுவில் விழுந்தே ஆக வேண்டும். தேர்வு அறையில் இந்த ஒரு நிமிடச் சோதனை பல மதிப்பெண்ணைக் காப்பாற்றும்.

சராசரி ஆயுட்காலம் என்பது 1 ÷ லாம்டா, அதாவது அரை ஆயுட்காலத்தைப் போல 1.44 மடங்கு. அயோடின்-131-க்கு 11.6 நாள். அது எதற்கு என்று கேட்டாய். ஒரு நோயாளியின் உடம்பில் மொத்தம் எத்தனை சிதைவுகள் நடக்கும் என்று எனக்குத் தெரிய வேண்டும் என்று வை. குறைந்துகொண்டே போகும் வளைகோட்டுக்குக் கீழே உள்ள பரப்பைத் தொகையிட்டால் விடை மிகச் சுருக்கமாக வரும்: தொடக்க வேகம் × சராசரி ஆயுட்காலம். முதல் நாள் வேகத்திலேயே 11.6 நாள் ஓடி, சட்டென்று நின்றுவிட்டதற்குச் சமம். உறுப்புக்குக் கிடைக்கும் கதிர்வீச்சு அளவைக் கணக்கிடுகிறவர்கள் தினமும் இதைத்தான் செய்கிறார்கள்.

ஒன்று மட்டும் உனக்குச் சொல்ல ஆசை. 1900-இல் மான்ட்ரியலில் இயற்பியலாளர் ரூதர்ஃபோர்டு தோரியத்திலிருந்து வரும் ஒரு வாயுவை அளந்துகொண்டிருந்தார். அதன் கதிரியக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் பாதியானது, அடுத்த நிமிடத்தில் அதில் பாதி. இன்று அதை ரேடான்-220 என்கிறோம், அரை ஆயுட்காலம் 55.6 நொடி. 1902-இல் அவரும் வேதியியலாளர் சாடியும் சேர்ந்து, ஒரு தனிமம் தானாகவே இன்னொரு தனிமமாக மாறுகிறது என்று எழுதினார்கள். அணு மாறவே மாறாது என்று உலகம் நம்பிய காலம் அது. நீ மனப்பாடம் செய்த அந்த ஒரு வரிக்குப் பின்னால் இவ்வளவு துணிச்சல் இருக்கிறது.

*

கேள்வி: நான் விஞ்ஞான ஆசிரியை. எங்கள் பாடசாலையில் கதிரியக்க மூலமும் இல்லை, எண்ணும் கருவியும் இல்லை. வளைகோட்டைப் பலகையில் வரைந்து காட்டுவதோடு பாடம் முடிந்துவிடுகிறது. பிள்ளைகள் கையால் செய்து பார்க்க ஏதாவது வழி உண்டா?
– வாசகி, மட்டக்களப்பு

பதில்: உண்டு டீச்சர். செலவும் இல்லை. தாயம் ஆடப் புளியங்கொட்டையை ஒரு பக்கம் தரையில் தேய்த்து வெள்ளையாக்குவோமே, அப்படி நூறு கொட்டை செய்துகொள்ளுங்கள். பிள்ளைகள் ஆளுக்கு ஐந்து தேய்த்துக் கொண்டுவந்தால் ஒரே நாளில் சேர்ந்துவிடும். ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கித் தரையில் கொட்டச் சொல்லுங்கள். வெள்ளைப் பக்கம் மேலே விழுந்தவை சிதைந்த அணுக்கள். அவற்றை எடுத்துவிட்டு, மீதியை எண்ணி எழுதி, மறுபடி குலுக்க வேண்டும்.

காசைச் சுண்டுவதைவிடக் கொட்டை மேல் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காசு என்றால் சரிபாதி என்று பிள்ளைகளுக்கு முன்பே தெரியும். கொட்டை அப்படி விழாது. ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருண்டை. வெள்ளை விழும் வாய்ப்பு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அதைத் தங்கள் தரவிலிருந்தே கண்டுபிடிக்க வேண்டும். உதாரணமாக ஒவ்வொரு குலுக்கலிலும் நூற்றுக்கு 40 வெள்ளை விழுகிறது என்றால், ஒவ்வொரு முறையும் 0.6 பங்கு மிஞ்சும். அரை ஆயுட்காலம் 1.36 குலுக்கல் என்று வரும். ஒரு பிள்ளை எழுந்து, "அதெப்படி டீச்சர் 1.36 தடவை குலுக்குவது?" என்று கேட்டால் பாடம் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

மிஞ்சிய கொட்டைகளின் எண்ணிக்கைக்கு இயல் மடக்கை எடுத்து, குலுக்கல் எண்ணுக்கு எதிரே புள்ளி வைக்கச் சொல்லுங்கள். வளைகோடு நேர்கோடாகிவிடும். அந்தக் கோட்டின் சரிவுதான் லாம்டா. கடைசிப் புள்ளிகள் கோட்டை விட்டு விலகி ஆடும், அவற்றை அழிக்க விடாதீர்கள். நூறு கொட்டை இருக்கும்போது கோட்டுக்குக் கட்டுப்பட்டது, ஐந்து கொட்டை இருக்கும்போது கட்டுப்படாது. எந்தக் கொட்டை எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. கூட்டமாக இருக்கும்போது மட்டுமே விதி தெரிகிறது. அணுவும் அப்படித்தான்.

இன்னொன்றையும் கவனிக்கச் சொல்லுங்கள். ஏழு குலுக்கலில் தப்பிய கொட்டை, எட்டாவதில் விழுவதற்கு அதிக வாய்ப்பு உள்ளதா? இல்லை. அதற்கு முன்பு தப்பியது எதுவும் அதற்கு நினைவில்லை. 80 நாள் சிதையாமல் இருந்த அயோடின் அணுவுக்கும், இன்று காலையில் உருவான அணுவுக்கும் அடுத்த 8 நாளில் சிதைய ஒரே வாய்ப்புதான். மனிதருக்கு வயது ஆக ஆகச் சாவு நெருங்குகிறது, அணுவுக்கு வயதே ஆவதில்லை. என் கணிப்பில் இந்தப் பாடத்தில் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர வேண்டிய முக்கியமான விஷயம் இதுதான். சூத்திரம் எல்லாம் இதிலிருந்து பிறந்தது.

*

கேள்வி: என் மாமனாருக்குப் பெட் ஸ்கேன். காலை 10 மணிக்கு வரச் சொன்னார்கள். பஸ் பழுதாகி ஒரு மணி நேரம் தாமதமாகப் போனோம். ஊசி வீணாகிவிட்டது என்று கடிந்துகொண்டு வேறு நாள் வரச் சொல்லிவிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் என்ன கெட்டுப்போகும்?
– வாசகர், விருதுநகர்

பதில்: அவர்கள் கடிந்துகொண்டிருக்கத் தேவையில்லை. பொறுமையாகக் காரணத்தைச் சொல்லியிருக்கலாம். காரணம் உண்மையானது. அந்த ஊசியில் இருப்பது ஃபுளோரின்-18 என்ற கதிரியக்கப் பொருள். அரை ஆயுட்காலம் 110 நிமிடம். 10 மணிக்கு 10 மில்லிகியூரி என்று வைத்திருந்தது, 11 மணிக்கு 6.9 ஆகிவிடும். அது, அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் என்ற இயந்திரம் இருக்கும் இடத்திலிருந்து காரிலோ விமானத்திலோ வர வேண்டும். காலை 6.30-க்குக் கிளம்பினால் 10 மணிக்கு 210 நிமிடம் ஆகிறது. 10 மில்லிகியூரி வந்து சேர, அங்கே கிட்டத்தட்ட 38 மில்லிகியூரி ஏற்றி அனுப்ப வேண்டும். அன்றைக்கு வரிசையில் உள்ள எல்லாருக்கும் இப்படி நேரம் பார்த்துத்தான் ஒரே குப்பியைப் பங்கிடுவார்கள். ஒருவர் நழுவினால் பின்னால் இருப்பவருக்கும் கணக்கு மாறும்.

இதே வேகம் உங்களுக்குச் சாதகமும் கூட. ஸ்கேன் முடிந்த மறுநாள் அதே நேரத்துக்கு 13 அரை ஆயுட்காலம் கடந்திருக்கும். எட்டாயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது.

*

கேள்வி: கீழடியில் கிடைத்த கரித்துண்டு கி.மு. 580-ஐச் சேர்ந்தது என்கிறார்கள். ஒரு கரித்துண்டைப் பார்த்து ஆண்டை எப்படிச் சொல்ல முடியும்? இதை நம்பலாமா?
– வாசகர், சிவகங்கை

பதில்: நம்பலாம். எதை, எவ்வளவு தூரம் நம்பலாம் என்றும் தெரிந்துகொள்வோம். உங்கள் ஊர்ப் பக்கத்து மண்ணில் எடுத்த பொருள், உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

காஸ்மிக் கதிர்கள் வளிமண்டல நைட்ரஜனைத் தாக்கி கார்பன்-14 உருவாக்குகின்றன. மரம் உயிரோடு இருக்கும் வரை காற்றிலிருந்து அதை எடுத்துக்கொண்டே இருக்கும். வெட்டியதும் வரவு நின்றுவிடுகிறது, செலவு மட்டும் தொடர்கிறது. அரை ஆயுட்காலம் 5,730 ஆண்டு. உயிருள்ள மரத்தில் இருப்பதில் 73 சதவீதம் ஒரு கரித்துண்டில் மிச்சம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 5,730-ஐ 0.693-ஆல் வகுத்தால் 8,267. 1 ÷ 0.73-இன் இயல் மடக்கை 0.3147. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 2,600 ஆண்டு.

தமிழ்நாடு தொல்லியல் துறை கீழடி மாதிரிகளை அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள பீட்டா அனலிடிக் ஆய்வகத்துக்கு அனுப்பியது. 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரிதான் கி.மு. 580 என்று வந்தது, 2019-இல் அறிக்கை வெளியானது. அங்கே முடுக்கி நிறை நிறமாலைமானி என்ற, அணுக்களை வேகமூட்டி எடை வாரியாகப் பிரிக்கும் கருவியில் அணுக்களையே நேரடியாக எண்ணுகிறார்கள். அது ஏன் முக்கியம் என்றால், இன்றைய மரத்தின் ஒரு கிராம் கார்பனில் நிமிடத்துக்குச் சுமார் 14 சிதைவுதான் நடக்கும். ஆனால் அதே ஒரு கிராமில் இருக்கும் கார்பன்-14 அணுக்கள் 5,900 கோடி. சிதைவுக்காகக் காத்திருந்தால் நாள் கணக்கில் எண்ண வேண்டும், பெரிய துண்டும் வேண்டும். அணுக்களை எண்ணினால் சில மில்லிகிராம் போதும். கீழடி போன்ற இடத்தில் துண்டு எவ்வளவு சின்னதாகக் கிடைக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்.

இனி எச்சரிக்கை. மேலே போட்ட கணக்கில் மிச்ச அளவு ஒரு சதவீதம் பிசகினால் விடை 80 ஆண்டு நகர்ந்துவிடும். ஒரு வேர் நுனி, நிலத்தடி நீரில் வந்த புதிய கார்பன் கொஞ்சம் ஒட்டியிருந்தால் போதும். அதனால்தான் மாதிரியை அமிலத்திலும் காரத்திலும் கழுவுகிறார்கள். அப்புறம், காற்றில் கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை. மர வளையங்களை எண்ணி, ஒவ்வொரு காலத்திலும் எவ்வளவு இருந்தது என்று அட்டவணை தயாரித்திருக்கிறார்கள். ஆய்வகம் சொல்லும் ஆண்டை அதில் வைத்துத் திருத்த வேண்டும். இதில் நமக்கு ஒரு சங்கடம்: கி.மு. 800-க்கும் 400-க்கும் நடுவில் அந்தத் திருத்தக் கோடு கிட்டத்தட்டத் தட்டையாக ஓடுகிறது. கி.மு. 700-இல் வெட்டிய மரமும் கி.மு. 500-இல் வெட்டிய மரமும் ஏறத்தாழ ஒரே விடையைத் தரலாம். உலகம் முழுக்க இரும்புக் காலத்தை ஆராய்கிறவர்கள் எல்லாருக்கும் இந்தத் தொல்லை உண்டு. ஆகவே இந்தக் காலப் பகுதியில் வரும் ஒற்றை ஆண்டை, ஒரு நீண்ட இடைவெளியின் அடையாளமாக வாசியுங்கள். ஒரே ஒரு மாதிரியைவிட, ஒன்றன் மேல் ஒன்றாக உள்ள மண் அடுக்குகளில் எடுத்த பல மாதிரிகள் வரிசையாக ஒத்துப்போவதுதான் பலம். கீழடியின் பழமை மேல் அக்கறை உள்ளவர்கள் கேட்க வேண்டியது இன்னும் நிறைய மாதிரிகளைத்தான்.

இன்னொன்று, கார்பன் சொல்வது மரம் உயிரை விட்ட காலத்தை. பக்கத்தில் கிடந்த செங்கல்லின் வயதை அது சொல்லாது. செங்கல்லும் கரியும் ஒரே அடுக்கில், கலையாமல் கிடந்தனவா என்பதைத் தோண்டியவர்கள்தான் சொல்ல வேண்டும்.

*

கேள்வி: எங்கள் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் இருக்கிறது. அதன் அரை ஆயுட்காலம் 1,400 கோடி ஆண்டு என்று படித்தேன். எட்டு நாளில் பாதியாகும் அயோடினுக்கே தனி அறை, தனிக் கழிப்பறை என்றால், 1,400 கோடி ஆண்டு கதிர் வீசும் பொருள் எவ்வளவு கொடியதாக இருக்கும்!
– வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: உங்கள் பயம் புரிகிறது. ஆனால் கணக்கு எதிர்ப்பக்கம் போகிறது. அரை ஆயுட்காலம் நீளம் என்றால் அணுக்கள் மெதுவாக, அபூர்வமாகச் சிதைகின்றன என்று பொருள். ஒரு கிராம் தோரியம்-232-இல் நொடிக்கு ஏறத்தாழ 4,060 சிதைவு. ஒரு கிராம் அயோடின்-131 இருந்தால் அதில் நொடிக்கு 46 கோடி கோடி. ஒரு லட்சம் கோடி மடங்குக்கும் மேல் வித்தியாசம். யாரும் ஒரு கிராம் அயோடினைக் கையில் எடுப்பதில்லை, மேலே பார்த்தபடி ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவிலேயே சிகிச்சை முடிந்துவிடுகிறது.

பூமிக்கு வயது 454 கோடி ஆண்டு. அதே சூத்திரத்தில் போட்டால், பூமி பிறந்தபோது இருந்த தோரியத்தில் 80 சதவீதம் இன்னும் அப்படியே இருக்கிறது. உங்கள் கடற்கரையில் அது இருப்பதற்குக் காரணமே அதன் சோம்பல்தான்.

ஆனால் முழுக்கக் கவலைப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போக மாட்டேன். தோரியம் சிதைந்து ஈயமாக நிலைபெறும் வரை வரிசையாகப் பல தனிமங்களாக மாறுகிறது. அவையும் மணலில் கூடவே இருக்கும், ஒவ்வொன்றும் தோரியத்தின் வேகத்திலேயே சிதையும். ஆக மணலின் மொத்தக் கதிரியக்கம் தோரியம் மட்டும் தருவதைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு. அந்த வரிசையில் ஒன்றுதான் ரூதர்ஃபோர்டு அளந்த அந்த வாயு. இதே வகை மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில், திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் மக்களைப் பல ஆண்டு தொடர்ந்து கவனித்தது. 2009-இல் வெளியான முடிவில், இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. கடற்கரையில் நடக்கிறவர்களுக்கு இது நல்ல செய்தி. மணலைப் பிரித்தெடுக்கும் இடத்தில் தூசியைச் சுவாசிக்கிற தொழிலாளிகளின் நிலை வேறு. ஆல்ஃபா கதிர் வீசும் தூசி நுரையீரலுக்குள் போனால் அது தனி விவகாரம். முகக் கவசமும் தூசிக் கட்டுப்பாடும் அளவீட்டுப் பதிவும் அவர்களுக்கு உரிமையாகக் கிடைக்க வேண்டும். கேட்பதென்றால் அதைக் கேளுங்கள்.

*

கேள்வி: நான் அணு மருத்துவத் தொழில்நுட்பம் படிக்கிறேன், இப்போது மருத்துவமனையில் பயிற்சி. அயோடின் குப்பியின் மேல் "வெள்ளிக்கிழமை மதியம் 12 மணிக்கு 100 மில்லிகியூரி" என்று ஒட்டியிருந்தது. ஆனால் குப்பி புதன்கிழமையே வந்துவிட்டது. அன்றைக்கே கொடுப்பதானால் எவ்வளவு என்று எடுத்துக்கொள்வது?
– மாணவி, வேலூர்

பதில்: நல்ல கேள்வி. காலத்தை எதிர்மறையாகப் போடு. சூத்திரம் பின்னோக்கியும் அதே போல வேலை செய்யும். வெள்ளி மதியத்துக்கு இரண்டு நாள் முன்பு என்றால் காலம் −2. வகுப்பது பெருக்கலாகிவிடும்: 100 × 2^(2 ÷ 8.02) = 119 மில்லிகியூரி. லேபிளில் உள்ள 100-ஐ அப்படியே நம்பிக் கொடுத்தால் நோயாளிக்கு 19 சதவீதம் கூடுதலாகப் போய்விடும். அடுத்த புதன்கிழமை எடுத்தால் ஐந்து நாள் கடந்திருக்கும், 65 மில்லிகியூரிதான் இருக்கும்.

கணக்குப் போட்ட பிறகு, கதிரியக்க அளவைக் காட்டும் கருவியான டோஸ் கேலிப்ரேட்டரில் வைத்து அளந்து பார். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் கொடுக்காதே, உன் மூத்தவரைக் கூப்பிடு. தேதி தப்பாக இருக்கலாம், கருவியில் வேறு ஐசோடோப்பின் பொத்தான் அழுந்தியிருக்கலாம். பதிவேட்டில் அளவை எழுதும்போது பக்கத்திலேயே மணியையும் எழுது. எத்தனை மணிக்கு என்று இல்லாத மில்லிகியூரி எண்ணை வைத்து அடுத்து வருபவரால் எந்தக் கணக்கும் போட முடியாது.